பின்கேட்டில் காத்திருந்த அம்மா

காலை பத்தே முக்கால் மணிக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"கேட்டுல வுடமாட்டேன்றான்மா. பாஸ் இருக்கான்னு கேக்கறான்."

"அவங்கதானே கூப்ட்டாங்க, அதச் சொல்லும்மா."

"சொன்னேன். இங்க சமையல் செஞ்சவன்னும் சொன்னேன். அப்போ பின்னாடி போங்கன்னான். போறேன், வுடு. அதான் எனக்குத் தெரிஞ்ச வழி."

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய அந்தப் பங்களாவை மியூசியமாக்கித் திறந்த நாள் அது. அங்கே நெடுங்காலம் சமைத்தவர் என்பதால், முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று நிர்வாகத்தினரே அம்மாவைப் போனில் அழைத்திருந்தார்கள். அதை கேட்டில் நின்றவரிடம் ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

அம்மா பிறந்தது கோலார் தங்கவயலில். சுரங்கத்தில் வேலை செய்த தாத்தா சீக்கிரமே இறந்துவிட, படிப்பு பாதியில் நின்றது. அந்தப் பங்களாவின் தோட்டக்காரரான அப்பாவை மணந்து பெங்களூர் வந்தார். பின்பக்கத்து அவுட்ஹவுஸில்தான் நானும் தம்பியும் பிறந்தோம். அப்பா காலமானபின், அந்த அடுப்படியில் நின்றே எங்களைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். பசியென்று யார் வந்தாலும் தன் தட்டை நீட்டுவார். குழம்பில் உப்பில்லை என்று வீட்டுக்கார அம்மாள் சொன்னால், "நாக்க நீட்டுங்கம்மா, பாக்கறேன்" என்பார்.

அவ்வளவு துணிச்சல் உள்ளவர் முன்வாசல் படியில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. கடைக்கோ கோயிலுக்கோ, எங்கே போய்வந்தாலும் பின்கேட்தான். தாழ்ப்பாளைத் தட்டினால் உள்ளிருந்து யாராவது வந்து திறப்பது அந்த வீட்டு வழக்கம்.

அன்றும் தட்டியிருக்கிறார். அந்த கேட்டை நிரந்தரமாகப் பூட்டிவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அதன்பின் நான் எத்தனை முறை கூப்பிட்டும் அம்மா போனை எடுக்கவில்லை. ஆபீஸிலிருந்து ஓடிவந்தபோது, எதிரே இளநீர் விற்பவரின் மடியில் அம்மாவின் தலை இருந்தது.

"தட்டிக்கினே இருந்தாங்கக்கா. உள்ள மைக்கு சத்தம், யாருக்குக் கேக்கும்? நிழலுக்கு வாங்கம்மான்னேன். 'தோ, தொறந்துடுவாங்க'ன்னாங்க."

ஆஸ்பத்திரிக்குப் போன சிறிது நேரத்தில் அம்மா பிரிந்துவிட்டார்.

மாரடைப்புக்கு யாரைக் குறை சொல்வது என்று, இந்த நினைவு மலரைப் படிக்கும் உறவினர்களில் சிலர் ஆறுதல் சொன்னீர்கள். மன்னியுங்கள், நான் சொல்வேன். மேசைக்கும் கடிகாரத்துக்கும் கண்ணாடிப் பெட்டி செய்தவர்களுக்கு, தாங்களே அழைத்த மனுஷியை உள்ளே விடச் சொல்ல ஒரு வார்த்தை இல்லாமல் போனது. இன்றும் பிள்ளைகள் போனை எடுக்கத் தாமதமானால் அவர்கள் இருக்கும் இடத்துக்கே கிளம்பிவிடுகிறேன்.

தன் கடையை அப்படியே போட்டுவிட்டு, சரக்கு ஆட்டோவில் அம்மாவை ஏற்றி வந்த அந்த இளநீர்க் கடைக்காரருக்கும், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

போன வாரம் மியூசியத்திலிருந்து முதன்முறையாக ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். சமையலறைச் சுவரில் மாட்ட அம்மாவின் படம் வேண்டும் என்றார். இந்த மலரின் அட்டையில் இருக்கும் படத்தை, என் மகளின் சடங்கில் பட்டுப்புடவையோடு நாற்காலியில் அமர்ந்திருக்கும் படத்தைக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இது வேணாம் மேடம். அடுப்புகிட்ட நின்னு வேல செய்யற மாதிரி, பழசா ஏதாவது இருக்கா?"