பதினேழாம் எண் புட்டி

வார்டில் அவளைச் சின்ன டாக்டர் என்பார்கள். புற்றுநோய் மருத்துவம் முடித்த கையோடு இரண்டாண்டு ஆராய்ச்சிப் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். காலையில் நோயாளிகள், மதியத்துக்குமேல் ஆய்வகம். நோயாளியின் கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் புட்டியில் வளர்க்க வேண்டும். எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்த்து, தெரிந்ததை வார்டுக்குக் கொண்டுவர வேண்டும். சொல்வது சுலபம். முதல் பதினாறு துணுக்குகளும் ஒரே வாரத்தில் செத்துப்போயின.

"உன் கை பட்டா கல்லுகூடப் பொழைக்காது போல," என்று உடன் பயிற்சி பெற்றவன் கிண்டலடித்தான்.

பதினேழாவது ஒரு தையல்காரியுடையது. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது அவள் கேட்டாள்: "நான் போயிட்டாலும் இது இருக்குமா டாக்டர்?"

"இருக்கலாம்மா."

"அப்ப வேளாவேளைக்குச் சாப்பாடு போடுங்க. எனக்குப் பசி தாங்காது."

செல்களுக்கு ஊற்றும் இளஞ்சிவப்பு நீர், அவை தின்று தீர்த்ததும் மஞ்சளாகிவிடும். மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றினால் போதும். தையல்காரி இறந்த அன்று சின்ன டாக்டர், புட்டிகளை இளஞ்சூட்டில் வைத்திருக்கும் அலமாரியின் கதவைத் திறந்து பார்த்தபோது, முந்தின நாள்தான் மாற்றிய நீர் மஞ்சளாகக் கிடந்தது. நுண்ணோக்கியில் பார்த்தாள். புட்டியின் அடி முழுக்கச் செல்கள் மொய்த்திருந்தன.

அதற்குப்பின் தினமும் ஊற்ற வேண்டியிருந்தது. விடுமுறையிலும் ஓடினாள். "அந்த அலமாரியையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீ," என்றான் கணவன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அலமாரிக் கதவைத் திறக்கும்போதெல்லாம், உள்ளே யாரோ பேச்சைப் பாதியில் நிறுத்தியதுபோல் இருக்கும்.

ஒன்பது மருந்துகளை ஊற்றிப் பார்த்தாள். எட்டுக்கு அசையவில்லை. ஒன்பதாவது, வேறொரு நோய்க்குக் கொடுக்கும் பழைய மாத்திரை. மூன்றே நாளில் செல்கள் சுருங்கி உதிர்ந்தன. மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணை இன்னொரு தடவை சாகவிட்டதுபோல் இருந்தது. மருந்து படாத புட்டி ஒன்றை மட்டும் தொடர்ந்து வளர்த்தாள்.

ஐந்தாம் மாதம், புறநோயாளிப் பிரிவில் அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்கள். தையல்காரி உள்ளே வந்தாள்.

சின்ன டாக்டரின் கையிலிருந்து பேனா விழுந்தது.

"பயப்படாதீங்க டாக்டர்," என்றது அதே குரல். "நான் அவ இல்ல. பத்து நிமிஷம் பின்னாடி பொறந்தவ. தெருவுலயே எல்லாரும் ஒதுங்கித்தான் போறாங்க."

அவளுக்கும் அதே இடத்தில் கட்டி இருந்தது. பரிசோதித்ததில், அக்காவின் செல்களில் கண்ட அதே மரபணுக் கோளாறு. சின்ன டாக்டர் தன் முடிவுகளை எடுத்துக்கொண்டு நெறிமுறைக் குழுவின் முன் நின்றாள். இரண்டு வாரம் துருவித் துருவிக் கேட்டுவிட்டு அனுமதித்தார்கள். மாத்திரை தொடங்கி எட்டாம் வாரம் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது.

"யாரால பொழைச்சேனோ, அவளை ஒரு தடவை பாக்கணும்," என்றாள் தங்கை.

சின்ன டாக்டர் அவளை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனாள். தங்கை நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தாள். "இதுல எது நோய், எது எங்கக்கா?"

"எல்லாமே நோய்தாம்மா. அவங்க இல்ல."

"அப்ப அவ பேரை எதுக்கு எழுதி வச்சிருக்கீங்க?"

புட்டிகளில் எண் மட்டுமே இருக்கும். பெயர் எழுதக் கூடாது. சின்ன டாக்டர் புட்டியைத் திருப்பினாள். பதினேழுக்குக் கீழே இறந்தவளின் பெயர் இருந்தது. சந்தேகமேயில்லை, சின்ன டாக்டரின் சொந்தக் கையெழுத்துதான். தான் எப்போது எழுதினோம் என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

அந்தச் சீட்டை உரித்துவிட்டுப் புதிதாக எண்ணை மட்டும் எழுதி ஒட்டினாள். தங்கை இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பரிசோதித்துக்கொண்டு போகிறாள். பயிற்சி முடிந்த பிறகும் சின்ன டாக்டர் அங்கேயே இருக்கிறாள். தனியாக இருக்கையில் மட்டும் அந்த அலமாரியைத் திறப்பதில்லை.