சாம்பல் கலந்த கூரை

காலை ஐந்து நாற்பதுக்கு மாடியேறியபோது முதலில் கண்ணில் பட்டது, புதுக் கூரைமேல் பரப்பிய ஈரத்துணி காற்றில் விலகிய இடத்தில் தெரிந்த வெளிறிய திட்டு. முறம் அளவு இருக்கும். தொட்டேன். உலர்ந்திருந்தது.

கூரைக்குக் கான்கிரீட் போட்டுப் பத்தாம் நாள் அது. அனல் மின்நிலையச் சாம்பல் கலந்த சிமெண்ட்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். மலைபோல் கொட்டிக் கிடந்த அந்தச் சாம்பலைச் செய்திக்காகப் போய்ப் பார்த்திருக்கிறேன். அது சிமெண்டில் சேர்ந்தால் அந்த அளவுக்குச் சுண்ணாம்புக்கல் சுடுவதும் அதில் வரும் புகையும் குறையும் என்று எழுதியும் இருக்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கொத்தனார் அப்போதே சொன்னார்: "இது மெதுவாத்தான் இறுகும் சார். மத்ததுக்கு ஏழு நாள் நனைச்சா இதுக்குப் பதினாலு. கூரையைத் தாங்குற முட்டு எடுக்க இருவத்தியொரு நாள். சம்மதமா?" சம்மதித்தேன். ஒன்றாம் தேதி வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும். பூச்சு வேலை பாக்கியிருந்தாலும் முட்டு எடுத்ததும் குடியேறலாம்; கணக்கு சரியாக வந்தது.

எங்கள் ஊரில் கூரையை நனைக்கச் சாக்கு போடுவதில்லை. பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துணியை, பனியன் வேஸ்ட்டை, பரப்பித் தண்ணீர் ஊற்றுவோம். காதர்பேட்டைக் கடையில் நான்கு மூட்டை வாங்கிப் பரப்பினேன். கொத்தனார் வேறு வேலைக்குப் போயிருந்தார். காலையும் மாலையும் துணியின் மேலேயே ஊற்றினேன். ஒருநாளும் தூக்கிப் பார்க்கவில்லை.

போன் செய்தேன்; எட்டு மணிக்குக் கொத்தனார் வந்தார். ஒரு துண்டை எடுத்து ஒரு சொம்பு தண்ணீர் விட்டார். தண்ணீர் துணியில் ஊறாமல் வழிந்து ஓடியது.

"பாலியஸ்டரு! பனியன் ஊர்ல இருந்துக்கிட்டு, பருத்தி எதுன்னு தெரியலையே சார் உங்களுக்கு."

மற்ற துணிகளையும் விலக்கினோம். அங்கங்கே மயிரிழை விரிசல்கள். அவற்றில் சிமெண்ட் பால் ஊற்றினார். களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார். "இன்னையில இருந்து மறுபடி ஒண்ணு. இருவத்தியொண்ணு ஆகாம முட்டுல கை வைக்க மாட்டேன்," என்றார். அப்படியென்றால் ஒன்றாம் தேதிக்கு மேல் ஒன்பது நாள்.

வாடகை வீட்டு அம்மாவிடம் ஒன்பது நாள் தவணை கேட்டேன்.

"சாம்பல் பல்லு வெளக்கத்தானுங்களே? அதுல போயி ஊடு கட்டுனீங்களா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல், "எம்பட பொண்ணு பிரசவத்துக்கு வாராளுங்க. ஒண்ணாந்தேதி காலி பண்ணிப்போடோணுமுங்க," என்றார்.

ஒன்றாம் தேதி சாமான்களைப் புது வீட்டருகே இருந்த தகரக் கொட்டகையில் அடுக்கி, தண்ணீர் ஊற்ற நான் அங்கேயே தங்கினேன். மனைவியும் மகளும் குண்டடத்தில் மாமனார் வீட்டுக்குப் போனார்கள். அங்கிருந்து பள்ளி வெகு தூரம்; அந்த ஒன்பது நாளும் மகள் பள்ளிக்குப் போகவில்லை.