தையல் இல்லாத வயிறு

மயக்கம் தெளிந்ததும் கிட்டுசாமி வயிற்றைத்தான் தடவிப் பார்த்தார். தையலும் இல்லை, கட்டும் இல்லை. இரண்டு தொடையிடுக்கிலும் சின்னதாகப் பிளாஸ்திரி மட்டும்.

அனுப்பர்பாளையத்தில் மகன் இளங்கோவின் பனியன் கம்பெனிக்கு அவர்தான் கட்டிங் மாஸ்டர். வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் பலூன்போல் வீங்கியிருப்பது வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் தெரிந்தது. டாக்டர் இரண்டு வழி சொன்னார். வயிற்றைத் திறந்து செயற்கைக் குழாய் வைத்துத் தைத்தால், ஆபரேஷன் சமயத்தில் ஆபத்து கூடுதல், தேற மூன்று மாதம். பிறகு பெரிய தொந்தரவு இராது. தொடை வழியாகக் குழாயைச் செலுத்திப் பொருத்தினால் சில நாளில் வீடு திரும்பலாம். ஆனால் ஆயுசுக்கும் ஸ்கேன், கசிந்தால் மறுபடி வைத்தியம். "உங்க உடம்பு ரெண்டையும் தாங்கும். முடிவு உங்களுது."

ஒரு வாரம் யோசித்து வீட்டில் சொன்னார்: "திறந்தே பண்ணிறட்டும். வருசா வருசம் பயந்துக்கிட்டு வாழ முடியாது." மனைவி வேலாத்தாள், "உங்க இஷ்டமுங்க" என்றாள். டாக்டரிடம் சொல்லிவிடுவதாக இளங்கோ ஏற்றுக்கொண்டான்.

கம்பெனிக் காகிதங்களில் மகன் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டே பழகியவர். ஆஸ்பத்திரிப் படிவத்திலும் அப்படியே போட்டார். "சம்மதந்தானுங்களே?" என்று கேட்ட நர்ஸிடம், "ஆமாங்க" என்றார்.

ஏன் வயிற்றைத் திறக்கவில்லை என்று இப்போது கட்டிலருகே நின்ற மகனைக் கேட்டார். "மூணு மாசம் நீங்க படுத்துட்டா துணி வெட்டறது யாருங்கப்பா?" என்றான் இளங்கோ. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "பயமா இருந்துச்சுங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தானுங்க."

"அப்ப நீயே போய்ப் படுத்திருக்கலாமே கண்ணு."

"அவன வையாதீங்க," என்றாள் வேலாத்தாள். "மாத்திச் சொல்லச் சொன்னதே நாந்தானுங்க."

மகனிடம் கோபப்பட வார்த்தை இருந்தது. இவளிடம் இல்லை. தன் உயிர்மேல் அவள் வைத்த ஆசையை அவர் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த ஆசை, ஒரு வார்த்தை கேட்க வேண்டிய ஆளாகவே அவரை நினைக்கவில்லை.

மறுநாள் டாக்டர் வந்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்.

"இந்தக் குழாயை எடுத்துட்டு, நான் சொன்ன மாதிரி வயித்தைத் திறந்து பண்ண முடியுமுங்களா?"

டாக்டர் மகனைப் பார்த்தார். மகன் ஜன்னலைப் பார்த்தான். "நீங்க கேட்டது வேறன்னு எனக்குத் தெரியாதுங்க," என்றார் டாக்டர் மெதுவாக. "இப்ப எடுக்கிறது ஆபத்து. ஒரு மாசத்துல ஸ்கேனுக்கு வாங்க. கூட யார் வருவாங்க?"

"நான்," என்றார்கள் தாயும் மகனும்.

"தனியா வர்றேனுங்க," என்றார் கிட்டுசாமி. "இனிமே என்ன சொல்றதா இருந்தாலும் எங்கிட்டயே சொல்லுங்க."