கான்சுவுக்குப் போன இடியப்பம்

எங்கள் சித்தப்பாவுக்கு என்னிடம் 'இல்லை' என்று சொல்ல வராது. அப்பாவின் தம்பியான அவர், டென்மார்க்கின் பிராண்டேயில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில்தான் இருந்தார். காற்றாலைத் தொழிற்சாலையில் இறக்கை செய்யும் பகுதியில் வேலை. மீன் தூங்குமா, பனிமனிதனுக்குக் குளிருமா என்று நான் எதைக் கேட்டாலும் "ஓம்" என்றுதான் தொடங்குவார். அந்த ஓமினால் ஒருமுறை இருவரும் வசமாக மாட்டிக்கொண்டோம்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. வாரம் முழுக்கச் சீனாவைப் பற்றிப் படிக்க வேண்டும், ஆளுக்கொரு மாகாணம் என்று ஆசிரியை சீட்டுக் குலுக்கினார். பண்டாவுக்குப் பேர்போன மாகாணம் எங்கள் தெருவில் இருந்த என் டேனிஷ் தோழிக்குப் போயிற்று. எனக்கு வந்தது கான்சு. கடலும் இல்லை, பண்டாவுக்குப் பேரும் இல்லை. வரைபடத்தில் பார்த்தால் நாய் கடித்துப்போட்ட எலும்பு மாதிரி நீளமாகக் கிடந்தது. வீட்டுக்கு வந்து பையை எறிந்துவிட்டு அழுதேன்.

சித்தப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "கான்சுவோ? அதுக்கு ஏன் பிள்ளை அழுறாய்? அதைப்போலை ஒரு இடம் எங்கை இருக்கு?"

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. ஒரு பக்கம் திபெத்து மேட்டுநிலம், மறுபக்கம் கோபிப் பாலைவனம், நடுவே ஒடுங்கிய ஒரு பாதை. அந்தப் பாதையால்தான் ஒட்டகங்களின் முதுகில் பட்டு மேற்கே போனது. பெருஞ்சுவர் போய் முடிகிற கோட்டை அங்கேதான் இருக்கிறது. துன்ஹுவாங் குகைகளில் தலைமுறை தலைமுறையாகப் புத்தரை வரைந்திருக்கிறார்கள். லான்சோ என்ற தலைநகரத்தின் ஊடாக மஞ்சள் ஆறு சேற்றைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. "காத்து எண்டால் அங்கத்தைக் காத்துத்தான். எங்கடை இறக்கையளுக்கு எண்டே அடிக்கிற காத்து."

நான் டேனிஷில் கேட்டேன், நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா என்று. எங்கள் வீட்டில் பெரியவர்கள் தமிழில் பேச, பிள்ளைகள் நாங்கள் டேனிஷில் பேசுவதுதான் வழக்கம். சித்தப்பா ஒரு கணம் யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு "ஓம்" என்றார்.

நான் நம்பினேன். நம்பாமல் எப்படி? அவருடைய அறைச் சுவரில் கான்சுவின் பெரிய வரைபடம் தொங்கியது. கட்டிலுக்கடியில் ஒரு புதுப் பெட்டி வேறு இருந்தது. மறுநாள் வகுப்பில் பெருமை தாங்காமல் சொல்லிவிட்டேன். பண்டாவின் மதிப்பு ஒரு நிமிடத்தில் இறங்கிவிட்டது. ஆசிரியை மகிழ்ந்துபோய், திங்கட்கிழமை சித்தப்பாவைக் கூட்டிவரச் சொன்னார். வகுப்பில் என் தலை நிமிர்ந்திருப்பது இனி அவர் கையில்தான் இருந்தது.

ஓரிடத்துக்கு வெறுங்கையோடு போவது எங்கள் வீட்டில் பெருங்குற்றம். பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் அதே சட்டம்தான். சித்தப்பா, லான்சோவின் கையால் இழுக்கும் நூடில்ஸ் செய்து காட்டுவதாகச் சபதம் செய்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுவதும் மாவோடு மல்லுக்கட்டினார். இழுத்த இழுப்பில் மாவு அறுந்து ஒரு துண்டு குளிர்பெட்டிக்குப் பின்னால் போனது, இன்னொன்று அப்பாவின் மேல் விழுந்தது. முதுகில் சத்திரசிகிச்சை செய்துவிட்டு வரவேற்பறையில் படுத்திருந்த அப்பாவுக்குச் சிரித்தால் வலிக்கும். அவர் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

அம்மா பார்த்துப் பார்த்துப் பொறுமையிழந்து இடியப்ப உரலை எடுத்தா. "விடுங்கோ தம்பி, நான் புழிஞ்சு தாறன். உந்தப் பிள்ளையளுக்கு என்ன தெரியப்போகுது?"

திங்கட்கிழமை சித்தப்பா வகுப்பை மயக்கிவிட்டார். கடைச் சீட்டைக்கூடக் கழற்றாத தடித்த கையுறைகளைக் கொடுத்து, அந்தப் பாலைவனத்துக் குளிருக்கு இது வேண்டும் என்றார். பிள்ளைகள் மாறி மாறிப் போட்டுப் பார்த்தார்கள். சுவர் முடிகிற கோட்டையைக் கட்டியவன் செங்கற்களை எண்ணிக் கணக்கிட்டானாம், கடைசியில் ஒரே ஒரு கல் மிஞ்சியதாம். அதை எடுத்தால் கோட்டையே விழுந்துவிடும் என்று சொல்லி வாசலுக்கு மேலே அப்படியே விட்டுவிட்டார்களாம். "யாராவது எடுத்துப் பார்த்தார்களா?" என்று ஒருவன் கேட்டான். "எடுத்திருந்தால் கோட்டை இருக்காதே" என்றார் சித்தப்பா. நான் பெருமையில் பூரித்துப்போயிருந்தேன்.

கடைசியில் கோழிச் சாறும் நூடில்ஸும் பரிமாறினோம். எல்லாரும் உறிஞ்சிக் குடித்தார்கள். அம்மா மறந்துபோனது ஒன்றைத்தான். பிராண்டே சின்ன ஊர். என் பண்டாத் தோழி சனிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவள்.

அவள் கிண்ணத்துக்குள் பார்த்துவிட்டு, கள்ளம் கபடமில்லாமல், "இது இடியப்பம்" என்றாள். தமிழர் வீட்டில் கை நனைத்த இன்னும் நாலு பேர் ஆமோதித்தார்கள். வகுப்பு சிரித்தது. அவள் அத்தோடு விடவில்லை. "அப்படியென்றால், நீங்கள் உண்மையாகவே கான்சுவுக்குப் போனீர்களா?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். ஓம் என்று சொல்லிவிடுங்கள் என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். எதற்கும் ஓம் சொல்கிற மனிதர் அன்றைக்குத்தான், "இல்லை. பெட்டி மட்டுந்தான் கட்டினேன்" என்றார்.

பகிடி என்று நினைத்து வகுப்பு இன்னும் சிரித்தது. போனவர்களைவிட இவருக்கு அதிகம் தெரியும் என்று சொல்லி ஆசிரியை கைதட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை.

காரில் பின்சீட்டில் ஏறினேன். "கோவமோ குஞ்சு?" என்று கேட்டார். நீங்கள் பொய்யர் என்று டேனிஷில் சொன்னேன்.

"ஓம்" என்றார்.

வழக்கம்போல முதியோர் இல்லத்துக்குப் போய் வேலை முடிந்து நின்ற அம்மாவை ஏற்றினோம். "எப்பிடிப் போச்சுது?" என்று அம்மா கேட்டா. "நல்லாப் போச்சுது அண்ணி. இடியப்பம் ஒண்டும் மிஞ்சேல்லை." அம்மாவை வீட்டில் இறக்கி, அப்பாவை உடற்பயிற்சிச் சிகிச்சைக்குக் கூட்டிப்போய் வந்து, அதற்குப் பிறகுதான் அவர் தன் மாலை வேலைக்குப் போனார். ஒரு கிழமை நான் அவரோடு கதைக்கவில்லை. அந்த ஒரு கிழமையும் அவர் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கினார்.

பல வருடங்கள் கழித்து நான் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தேன். முதல்நாள் அம்மாவை வேலைக்குக் கொண்டுபோனபோது, அம்மா பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னா:

"சித்தப்பாவைக் கம்பனி ரெண்டு வருசத்துக்குக் கான்சுவுக்கு அனுப்ப இருந்தது. அங்கத்தைப் பெடியளுக்கு வேலை பழக்க. ரிக்கெற்றும் வந்திட்டுது. அப்பதான் அப்பாவுக்கு முதுகு. எனக்கு லைசென்சும் இல்லை, என்ரை வேலை தொடங்கிற நேரத்துக்கு பஸ்ஸும் இல்லை. எங்களுக்காகத்தான் எண்டு தம்பி ஒண்டும் சொல்லேல்லை. அந்தக் குளிர் தனக்கு ஒத்துவராது எண்டு சொல்லிப்போட்டு நிண்டிட்டுது."

டென்மார்க்கில் இருந்துகொண்டு குளிரைச் சாட்டியிருக்கிறார். அம்மாவும் அப்பாவும் அப்போது அதை நம்பியிருக்கிறார்கள். எனக்கு அவரை நினைத்துச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அன்று யன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு அவர் சொன்ன ஓம், எனக்காக மட்டும் சொன்ன பொய்யில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

ஆனால் பத்து வயதில், அந்தப் பின்சீட்டில், அவர் கான்சுவுக்குப் போகவில்லை என்பது மட்டுந்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. யாருக்காகப் போகவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. அவர் ஓட்டிக்கொண்டிருந்த காரிலேயே இருந்துகொண்டுதான் கோபித்துக்கொண்டிருந்தேன்.