பத்தாவது இழை

போன வியாழக்கிழமை காலை. காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். என் அண்ணமிண்டி — அண்ணன் மனைவியை நகரத்தார் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம் — இந்தப் பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றார்கள்.

"இதுல எழுதியிருக்கிறது நெசமாவே நீங்க நினைக்கிறதுதானா தம்பி?"

அவர்கள் என் பத்தியைப் படிப்பதே எனக்குப் புதுச் செய்தி. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நினைக்காததை எழுதுவேனா என்று கேட்டுவிட்டுக் காபியைக் குடித்தேன். அத்தோடு விட்டுவிடுவார்கள் என்று பார்த்தால்... விடவில்லை.

போன வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்காதவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பாவில் ஒரு தேசத்தின் முதன்மந்திரி. பெயரை இங்கிலீஷ் பேப்பரில் மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். வாயில் நுழையவில்லை, விட்டுவிட்டேன். பழைய வழக்கங்களை விடக்கூடாது என்கிற கட்சிக்குத் தலைவர். மனிதர் ஒரு பெரிய பிரசங்கம் செய்திருந்தார். ஐரோப்பா என்பது மேப்பில் போட்ட கோடு அல்ல, ஒரு குடும்பம் என்றார். ஒரே வேதம், ஒரே நடைமுறை, ஒரே ரத்தம். அந்தக் குடும்பம் தன் பந்தோபஸ்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், கடல் தாண்டி இருக்கிறவன் வந்து காப்பாற்றுவான் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கக்கூடாது என்றார். கடைசியாக இன்னொன்றும் சொன்னார். வெளியிலிருந்து வந்தவன் இருக்கலாம், பிழைக்கலாம், ஆனால் எத்தனை தலைமுறை இருந்தாலும் குடும்பத்து ஆள் ஆகிவிட மாட்டான்.

எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போயிற்று. 'நம்மைப் போலவே யோசிக்கிற ஒரு வெள்ளைக்காரர்' என்றுகூட எழுதினேன். யார் வீட்டு ஆள், யார் வெளி ஆள் என்ற கணக்கில் நம்மை மிஞ்ச ஆள் உண்டா? இன்ன கோயில், இன்ன பிரிவு, அதில் கல்யாணமான குடும்பங்கள் எத்தனை புள்ளி என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கிறவர்கள் அல்லவா நாம்! அந்த முதன்மந்திரி காரைக்குடிக்கு வந்தால் பலகாரம் வைத்து உபசரிக்கலாம் என்று முடித்திருந்தேன். தேவகோட்டையிலிருந்து இரண்டு பேர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள்.

அண்ணமிண்டி பாராட்டவில்லை. பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு வேறு ஒன்று கேட்டார்கள். சாயந்திரம் நோன்புக்கு எத்தனை இழை திரிக்கட்டும்?

அன்றைக்கு எங்கள் வீட்டில் பிள்ளையார் நோன்பு. மதுரை, திருச்சி வாசகர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. நகரத்தார் வீடுகளில் மட்டும் நடப்பது. திருக்கார்த்திகையிலிருந்து தினம் ஆளுக்கு ஒரு நூலாகக் கோடி வேட்டியிலிருந்து உருவி வைப்போம். இருபத்தொன்றாம் நாள் அந்த இருபத்தொரு நூலையும் சேர்த்துத் திரித்தால் ஒரு இழை. வெல்லமும் நெய்யும் விட்டுப் பிசைந்த மாவுருண்டையில் அதைச் செருகி, ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் ஆளுக்கு ஒன்று. திரிப்பது பெண்கள், எடுத்துக் கொடுப்பது வீட்டுக்கு மூத்த ஆண். பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் அவளுக்கு மட்டும் இரண்டு, வயிற்றில் இருக்கிற பிள்ளையும் வீட்டு ஆள்தானே! என் பேரன் பிறப்பதற்கு முன்பே ஒரு இழை வாங்கினவன்.

வழக்கம்போல் ஒன்பது என்றேன். நானும் என் மனைவியும், அண்ணமிண்டி, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், கல்யாணத்துக்கு இருக்கிற மகள், பேரன்.

"பத்துப் பேரு இருக்கோம்" என்றார்கள்.

பத்தாவது யார் என்று நான் கேட்கவில்லை. தெரியும்.

ஐப்பசியில் ரங்கோன் ஸ்டீமரில் வந்து இறங்கிய பெண். வயது பதினெட்டு இருக்கும். என் அண்ணன் பர்மாவில் மௌல்மீன் என்ற ஊரில் இருபத்தைந்து வருஷம் கடை பார்த்தார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார், ஆறு மாதம் இருப்பார், போவார். அங்கே ஒரு பர்மியப் பெண்மணியோடு குடும்பம் நடத்தினார் என்பது அவர் காலமான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. போன வருஷம் அந்த அம்மாளும் போய்விட்டாள். பெண்ணைக் கடை ஏஜெண்டு கப்பல் ஏற்றிவிட்டார். இந்த இரண்டு மாதமாக வீட்டின் இரண்டாம் கட்டில் இருக்கிறாள், சமையலுக்குக் கூடமாட ஒத்தாசை செய்கிறாள். யாராவது கேட்டால், மௌல்மீன் கடையில் வேலை பார்த்தவரின் மகள் என்று சொல்லிவைத்திருந்தேன். சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டதாக எண்ணம்.

அண்ணமிண்டியிடம் எடுத்துச் சொன்னேன். சோறு போடுவோம், துணி எடுத்துக் கொடுப்போம், நல்ல இடமாகப் பார்த்து அனுப்பியும் வைப்போம், ஆனால் இழை என்பது வேறு. இழை கொடுத்தால் வீட்டு ஆள் என்று அர்த்தம். பங்காளிகள் சும்மா இருப்பார்களா? கொத்தமங்கலத்தில் என் மகளுக்குச் சம்பந்தம் பேசியிருக்கிறது. தை பிறந்தால் முடிவாக வேண்டும். ஆசாரமான குடும்பம். காதில் விழுந்தால் என்ன ஆகும்?

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு, ரங்கோனில் கடை வைத்திருந்த நான் அங்கே நடந்த கலகத்தில் ஓடிவந்த கதையை எனக்கே திருப்பிச் சொன்னார்கள். பதினான்கு வருஷம் பக்கத்துக் கடை வைத்திருந்தவன், எங்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வந்து சாப்பிட்டவன், நீ இந்த ஊர் ஆள் இல்லை, கிளம்பு என்று சொன்னானே... அன்றைக்கு நான் வந்து இறங்கி இந்த வளவு முற்றத்தில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேனே, அது நினைவிருக்கிறதா என்று கேட்டார்கள்.

அது வேறு, இது வேறு என்றேன். என்ன வேறு என்றார்கள். ஐரோப்பாவுக்கெல்லாம் பதில் சொல்லத் தெரிந்த எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. ஆகவே கோபம் வந்தது. பதில் இல்லாதபோது எனக்குக் கோபம்தான் வரும், என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.

பத்தாவது இழைக்கு நூல் எங்கே என்று மடக்கினேன். இருபத்தொரு நாள் சேர்க்க வேண்டியதை ஒரே நாளில் சேர்க்க முடியாது. வழக்கமே எனக்குச் சாதகமாக இருந்ததில் உள்ளூரச் சந்தோஷம்.

"மொத நாள்ல இருந்தே பத்தாத்தான் எடுத்து வச்சுக்கிட்டு வாரேன்" என்றார்கள். "அந்தப் புள்ளையக் கப்பல் ஏத்தச் சொல்லிக் காயிதம் போட்டதும் நாந்தான். அவ பேரு உமையாள். ஒங்க அண்ணன் வச்ச பேரு."

உமையாள் என்பது அண்ணனையும் என்னையும் பெற்ற ஆத்தாவின் பெயர்.

நாங்களெல்லாம் அவளைப் 'பர்மாப் பொண்ணு' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். பெயர் கேட்கவேண்டும் என்று இரண்டு மாதமாக எனக்குத் தோன்றவே இல்லை. மூத்த மகளுக்கு அப்பத்தா பெயரை வைக்கிற வழக்கத்தைக் கடலுக்கு அந்தப் பக்கத்திலும் என் அண்ணன் விடவில்லை. ஆனாலும் வாய் என்னவோ, பங்காளிகள் என்றுதான் மறுபடி ஆரம்பித்தது.

"திரிக்கிறது என் வேலை. குடுக்கிறது ஒங்க வேலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

சாயந்திரம் விளக்கு வைத்ததும் வளவில் எல்லோரும் கூடினோம். பிள்ளையாருக்கு ஆவாரம்பூ சாத்தி, பொரி படைத்தாயிற்று. தாம்பாளத்தில் பத்து உருண்டைகள். மாவு இடித்துப் பிசைந்ததெல்லாம் அந்தப் பெண்தான் என்று பிறகு தெரிந்தது. அவள் அடுப்படி நிலைக்கு அந்தப் பக்கமே நின்றாள். கூப்பிடாத இடத்துக்கு வரக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொன்றாக ஏற்றிக் கொடுத்தேன். அண்ணமிண்டி கடைசியாக வாங்கிக்கொள்கிறேன் என்று ஒதுங்கி நின்றார்கள். எட்டுப் பேர் வாங்கியானதும் அவர்கள் முறை வந்தது. வலது கையில் வாங்கினார்கள். வாயில் போட்டுக்கொள்ளவில்லை. இடது கையையும் நீட்டினார்கள்.

"இன்னொண்ணு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்களுக்கு ஐம்பத்து மூன்று வயது. பிள்ளை இல்லை. என் அண்ணன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்த வெள்ளைப் புடவையோடு இரண்டு இழைக்குக் கை நீட்டினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? என் மூத்த மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"புள்ளைத்தாச்சிக்கு ரெண்டுதானே வழக்கம்?" என்றார்கள். குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. "எனக்கு வயித்துல வரல, கப்பல்ல வந்தா. குடுங்க."

கொடுத்தேன். கொடுத்தேன் என்று சொல்வதுகூடப் பொய். அந்தக் கை அப்படி நீட்டியிருக்கும்போது கொடுக்காமல் இருக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

தன்னுடையதை வாயில் போட்டுக்கொண்டு, மற்றதை ஏந்திக்கொண்டு அடுப்படி நிலைக்குப் போனார்கள். அந்தப் பெண் சுடரைப் பார்த்து ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"சுடுமா?"

"சுடாது ஆத்தா. உள்ள வச்சு வாய மூடிக்க, அணைஞ்சுரும்."

மூடிக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சூட்டினால் வந்த நீராக இருக்கலாம். எனக்கு வந்தது சூட்டினால் வரவில்லை, வெட்கத்தினால் வந்தது. ஆத்தா பெயரை வைத்துக்கொண்டு ஒரு பெண் என் வீட்டு அடுப்படியில் நிற்க, நான் முகப்பில் உட்கார்ந்து ஐரோப்பாவின் குடும்பக் கணக்கை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் அந்த முதன்மந்திரியின் பிரசங்கத்தை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். பந்தோபஸ்து விஷயத்தில் அவர் சொன்னது சரிதான் என்றே இன்னும் நினைக்கிறேன். கதவும் தாழ்ப்பாளும் இல்லாத வீட்டில் யார் தூங்க முடியும்? தன் காவலைத் தான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு வார்த்தை மாற்றமாட்டேன்.

ஆனால் யார் குடும்பத்து ஆள் என்பதை மேடையில் நின்று அத்தனை நிச்சயமாக ஒருவர் சொல்லிவிட முடியுமா? அவர் சொன்னபடி பார்த்தால் அண்ணமிண்டியே இந்த வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள்தான். என் மருமகள்களும்தான். இந்த வீட்டு ரத்தம் இருப்பது அந்தப் பெண்ணுக்கு! உள்ளே, வெளியே என்று நாங்கள் ஆண்கள் முகப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது, உள்ளே ஒரு அம்மாள் இருபத்தொரு நாளாகப் பேசாமல் நூல் எடுத்து வைத்திருக்கிறார்கள். போன வாரம் எழுதியதில் அந்தப் பகுதியை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தேவகோட்டை நண்பர்கள் தங்கள் பாராட்டில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

அண்ணமிண்டி இதை எழுதச் சொல்லவில்லை. எழுதப்போவது அவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்குள் நடந்தது வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று என் மனைவி இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தாய் அல்லவா, மகள் கல்யாணத்தை நினைத்துச் சொல்கிறாள், அவள் பயத்தில் தப்பில்லை. எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் அண்ணன் மகளைக் கடையில் வேலை பார்த்தவரின் மகள் என்று இதுவரை சொன்னது போதும்.

எங்கள் வீட்டில் பத்துப் பேர். கொத்தமங்கலத்திலும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள் என்பது தெரிந்துதான் எழுதுகிறேன்.