இரண்டாவது புள்ளி

அந்த வீட்டில் துணி தேய்ப்பது தியேட்டர் ஆபரேட்டரின் வேலை. மனைவி துவைப்பாள், உலர்த்துவாள், மடித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பாள். இஸ்திரிப் பெட்டியை மட்டும் தொடமாட்டாள். கல்யாணமான புதிதில் ஒரு நல்ல புடவையைப் பொசுக்கிக்கொண்டதிலிருந்து அப்படி. தன் சட்டையோடு, மாடி அறையில் தங்கியிருக்கும் மச்சினனின் சட்டையையும் ஒன்பது வருஷமாக அவர்தான் தேய்க்கிறார்.

முன்பெல்லாம் எது யாருடைய சட்டை என்று காலர் அளவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இரண்டிலும் ஒரே மெஷின் எண்ணெய்க் கறை. இப்போது மச்சினனின் சட்டையில் கறை இல்லை, வியர்வை வாசம்கூட இல்லை. புது மெஷினுக்குச் சூடு ஆகாது என்று படம் ஓட்டும் கேபினில் ஏசி போட்டிருந்தார்கள். "என் தம்பி ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்குறான்" என்று மனைவி பக்கத்து வீட்டில் சொன்னது சுவரைத் தாண்டி அவர் காதில் விழுந்தது. அன்றைக்கு அவனுடைய சட்டையின் இடது கையில் மடிப்புக்குப் பக்கத்திலேயே இன்னொரு மடிப்பு வைத்துத் தேய்த்தார். யாரும் கவனிக்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அதன்பிறகு தினமும் வைத்தார்.

அந்தத் தியேட்டரில் முன்பு படம் ஓட்ட இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்று அவருடையது, மற்றது, மாமனார் கேட்டுக்கொண்டதற்காக அவரே வேலைக்குச் சேர்த்துவிட்ட மச்சினனுடையது. ஒரு ரீல் முடியும் தறுவாயில் திரையின் வலது மேல் மூலையில் கண்ணிமைக்கும் நேரம் ஒரு புள்ளி வந்துபோகும். அதைக் கண்டதும் அடுத்த மெஷினை ஓடவிட வேண்டும். சில நொடிகளில் இரண்டாவது புள்ளி. ஒருவர் வெளிச்சத்தை மூட, மற்றவர் திறக்க, படம் ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். உட்கார்ந்து பார்க்கிற ஒருத்தருக்கும் தெரியாது.

டிஜிட்டல் வந்தபோது இரண்டு மெஷின்களும் போய் ஒன்று வந்தது. ஒரு ஆள் போதும் என்றார் மேனேஜர். இளையவன் என்று மச்சினனை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, இவரை வாசலில் டிக்கெட் கிழிக்க நிறுத்தினார். முகம் வாடியதைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொல்லிவைத்தார்: ஒரு வருஷம் பார்ப்போம், அவன் ஏதாவது சொதப்பினால் அந்த நாற்காலி உங்களுக்கு.

ஆபரேட்டர் பதினோரு மாதமாக அந்தச் சொதப்பலுக்காகக் காத்திருந்தார். அவன் சொதப்பவில்லை. கேன்டீன்காரர் அவனை 'ஆபரேட்டர்' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். இவர் 'பழைய ஆபரேட்டர்' ஆகிவிட்டார். போதாததற்கு, மனைவி தம்பிக்குக் கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டுப் பையைத் தினமும் இவர்தான் மேலே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தூசி சேரும் என்று கேபினுக்குள் வேறு யாரும் நுழையக் கூடாது என்பது மேனேஜரின் உத்தரவு. கதவிடுக்கில் பையை நீட்டிவிட்டு இறங்கிவிடுவார்.

அந்த வாரம் பழைய படம் ஒன்றைப் புதுசாக்கிப் போட்டிருந்தார்கள். நல்ல கூட்டம். பகல் காட்சியில் பையை நீட்டியபோது மச்சினன் கதவை அகலத் திறந்தான்.

"உள்ள வாங்க மாமா. வேர்த்து ஊத்துது. ரெண்டு நிமிஷம் ஏசில நில்லுங்க."

அந்தக் கரிசனம்தான் அவருக்குத் தாங்கவில்லை. ஆனாலும் போனார். மச்சினன் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். வேலையே இல்லாத மகாராஜா, கையைக்கூட வெளியே எடுக்க மாட்டான் என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே ஜன்னல் வழியாகத் திரையைப் பார்த்தார். வலது மேல் மூலையில் ஒரு புள்ளி. பழைய பிரதியிலிருந்து எடுத்தவர்கள் அதை அழிக்காமல் விட்டிருந்தார்கள். அவர் உடம்பு தானாக நிமிர்ந்தது. இரண்டாவது புள்ளி வந்தது. கை போய் மெஷினின் விளக்கை அணைக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டது.

திரை இருண்டது. விளக்கு ஆறினால்தான் மறுபடி எரியும். கீழே விசில் கிளம்பியது. மேனேஜர் மூச்சிரைக்க ஏறி வந்து, யார் பண்ணினது என்றார்.

"என் கை பட்டுடுச்சு சார்" என்றான் மச்சினன்.

ஆபரேட்டர் வாய் திறக்கவில்லை. திட்டோடு போய்விடும் என்று இருவருமே நினைத்திருக்கலாம். போகவில்லை. மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்: மறுநாள் முதல் மச்சினன் வாசலுக்கு, இவர் மேலே, வேலையை அவனிடமே கேட்டுக்கொள்ள வேண்டியது. மனைவி அன்று முழுக்கத் தம்பியைத்தான் ஏசினாள், கவனமில்லாதவன் என்று.

காலையில் ஆபரேட்டர் துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது மச்சினன் மாடியிலிருந்து இறங்கி வந்து, கேபின் சாவியை மேசை ஓரத்தில் வைத்தான்.

"பாஸ்வேர்டு ஒண்ணு ரெண்டு மூணு நாலு, மாமா."

பதினோரு மாதமாக அவர் ஏங்கிக்கொண்டிருந்த ரகசியம் அவ்வளவுதான்.

"இந்தப் படம் ஓடுற வரைக்கும் கையத் தொடைக்கடியில வச்சுக்கிட்டு உக்காருங்க. நேத்தும் அந்தப் புள்ளியப் பாத்ததும் எனக்குக் கை துடிச்சுது. நீங்க முந்திக்கிட்டீங்க."

ஆபரேட்டர் பெட்டியை அழுத்தினார். இவனுக்கும் துடித்திருக்கிறது, ஆனால் இவனுக்கு அடக்கத் தெரிந்திருக்கிறது. பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொள்ளவும் தெரிந்திருக்கிறது. நாற்காலி கைக்கு வந்த பிறகும் அவனைப் பார்த்து வயிறு எரிந்தது.

"மேனேஜர்கிட்ட நடந்தத நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்களா மாமா?"

அவர் அவனுடைய சட்டையைத் திருப்பிப் போட்டு இடது கையை நீவினார். பழைய இரட்டை மடிப்பு இன்னும் தெரிந்தது. தண்ணீர் தெளித்து அதன்மேல் பெட்டியை வைத்து, எடுக்காமல் நின்றார். பொசுங்குவதற்கு முன்னால் மச்சினன் சட்டையை மெதுவாக உருவிக்கொண்டு, சூடு ஆறாமலே தோளில் போட்டபடி வெளியே போனான்.