என் மனைவி பிடித்த சால்மன்

ஐந்து வருடங்கள் தொடர்ந்து கடைசியாக வந்த படகு எங்களுடையது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மீன் தண்ணீருக்குள் இருக்கிற சாமான். வந்தால் வரும், வராவிட்டால் வராது. நான் வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறு.

டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிற லொறியில் எனக்கு வேலை. கூட வேலை செய்கிற பிரெஞ்சுக்காரர் ஒருவருக்கு மெம்ஃப்ரமேகொக் ஏரிக்கரையில் ஒரு மரவீடு இருக்கிறது. மொன்றியலிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டம். ஏரியின் ஒரு முனை கனடாவில், மறு முனை அமெரிக்காவில். ஒவ்வொரு ஜூனிலும் ஒரு சனிக்கிழமை, வேலைத்தளத்து ஆட்கள் ஐந்து படகுகளில், படகுக்கு இரண்டு பேராக, அங்கே சால்மன் பிடிக்கப் போட்டி போடுவோம். பரிசு ஒன்றும் கிடையாது. காலை ஐந்து மணிக்கு இறங்கி மதியம் பன்னிரண்டுக்குள் துறைக்குத் திரும்ப வேண்டும். நீளமான மீன் கொண்டுவந்த படகுக்குக் கைதட்டு. மீன் அளவில் கடைசியாக வந்த படகு எல்லோருக்கும் சமைக்க வேண்டும். மற்றவர்கள் கதிரையில் சாய்ந்திருந்து பியர் குடித்துக்கொண்டு, சாப்பாடு வரும்வரை சமைக்கிறவனைக் கிண்டலடிக்கலாம்.

என் படகுக் கூட்டாளி, விமானத்தில் பெட்டிகள் ஏற்றுகிற மன்னார்த் தம்பி ஒருவன். கடற்கரை ஊர்க்காரன் என்று நம்பிச் சேர்த்தேன். அவன் மூன்று வயதில் கனடா வந்தவன் என்பது படகில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. எங்கள் இருவருக்கும் சமையலும் தெரியாது. ஆகவே முதல் வருடமே, எதற்கும் இருக்கட்டும் என்று, சட்டி பானையோடு என் மனைவியையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். எதற்கும் இருக்கட்டும் என்றது நல்லதாகப் போயிற்று. மற்றவர்கள் பிடித்த மீனில் அவள் குழம்பு வைத்தாள். பிரெஞ்சுக்காரர்கள் மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார்கள். அடுத்த வருடமும் நாங்கள் தோற்க வேண்டும் என்று ஒருவர் என் முகத்துக்கு நேரேயே சொன்னார். நாங்களும் அவரை ஏமாற்றவில்லை.

எனக்கு அதில் ஒரே பெருமை. என் மனைவியின் குழம்பு பற்றி வேலைத்தளம் முழுக்கப் பேச்சு. அவளுக்கு அது எப்படி இருந்தது என்று ஐந்து வருடத்தில் ஒருநாள்கூட நான் கேட்கவில்லை. வெட்கப்பட வேண்டியது என்றேனே, அது இதுதான்.

அவள் டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் பதினெட்டு வருடமாக நிற்கிறாள். சூப்பும் சோஸும் அவள் பொறுப்பு. வேலை முடிந்து மெட்ரோ பிடித்து பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டுக்கு வந்து, முகம் கழுவிவிட்டு, மறுபடியும் அடுப்பைப் பற்ற வைப்பாள். இந்த வருடம் போட்டி நாளன்றே மன்னார்த் தம்பியின் மகளுக்குத் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் சடங்கு. அவன் வரமுடியாது என்று கைவிரித்துவிட்டான். வேறு ஆள் தேடி நான் ஒவ்வொருவராகப் போனில் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆரைத் தேடுறீங்கள்? நான் வாறன்."

"நீயோ? படகிலயோ?"

"ஓம், படகிலதான். அஞ்சு வருசமா அந்த வீட்டு அடுப்படியில நிக்கிறன். இந்த முறை நான் சமைக்க மாட்டன். கதிரையில இருந்து சாப்பிடப் போறன். ஆரும் சமைச்சுக் கொண்டுவந்து எனக்குப் போடட்டும்."

"அதுக்கு முதல் மீன் பிடிக்கவேணுமே."

"பிடிச்சாப் போச்சு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "ஆரும் சமைச்சு நான் இருந்து சாப்பிட்டு எவ்வளவு காலம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்றாள். கடையில் சாப்பிட்டிருக்கிறோமே என்றேன். "அது காசுக்கு வாற சாப்பாடு" என்று ஒரே வெட்டாக வெட்டினாள். யோசித்துப் பார்த்தேன். கலியாண வீடுகளில் அவள் சமையல்கட்டில் நிற்பாள். கோயில் அன்னதானத்திலும் அப்படித்தான். இரண்டாவது பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றும் அவள்தான் உலை வைத்தாள். நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைவில்லை. நிச்சயமாக அடுப்படியில் இல்லை.

அதன் பிறகு ஒரு மாதம் மெட்ரோவில் போகவர அவள் பிரெஞ்சு மீன்பிடி வீடியோக்கள் பார்த்தாள். அவளுடைய பிரெஞ்சு என்னுடையதைவிட எவ்வளவோ மேல்; சமையலறையில் பட்டுப் படித்த பிரெஞ்சு. மே மாதத்தில் இரண்டு ஞாயிறு ஏரிக்குப் போய்ப் பழகினோம். இந்த ஏரியில் சால்மனுக்குத் தூண்டிலைப் போட்டுவிட்டுச் சும்மா காத்திருப்பதில்லை. படகை மனிதன் நடக்கிற வேகத்தில் ஓட்டியபடி, மீன்குஞ்சு போல மினுங்குகிற தகட்டுத் தூண்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டே போக வேண்டும். கம்பியில் ஓர் ஈயக்குண்டைக் கட்டி ஆழத்துக்கு இறக்கி, தூண்டில் நரம்பை அந்தக் கம்பியில் ஒரு கவ்வியால் கொளுவி விடுவோம். இழுவையில் தூண்டில் தடி எந்நேரமும் வளைந்தே நிற்கும். மீன் கடித்தால் நரம்பு கவ்வியிலிருந்து கழன்று தடி ஒரு கணம் நிமிரும். ஐந்து வருடமாக நான் தடி வளைவதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டாம் ஞாயிறே, "நிமிரேக்குள்ளதான் மீன், நீங்கள் என்ன பாக்கிறியள்?" என்று கேட்டாள்.

போட்டிக்குப் புறப்படுகிற அன்று நான் வழக்கம்போலச் சட்டியையும் மிளகாய்த்தூள் பேணியையும் காரில் வைக்கப் போனேன். அவள் திருப்பி எடுத்துக்கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தாள். சமைக்கப் போவதில்லை என்றால் தூள் எதற்கு? அந்தத் துணிச்சல் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

எட்டு மணிவரைக்கும் ஒன்றும் இல்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. நான் வழக்கம்போல ஒரே நேர்கோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தேன். "வளைச்சு வளைச்சு ஓட்டுங்கோ" என்றாள். வளைகிறபோது உள்பக்கத் தகடு மெதுவாகித் தாழும், வெளிப்பக்கத் தகடு வேகமாகும், மீன் இதில் ஒன்றை நம்பும் என்பது அவளுடைய கணக்கு. மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டு வளைத்தேன். மூன்றாவது வளைவில் அவளுடைய தடி நிமிர்ந்தது. நான் பார்த்து முடிப்பதற்குள் அது அவள் கையில் இருந்தது.

"சுத்து! சுத்து!" என்று நான் கத்தினேன்.

"சத்தம் போடாதேங்கோ."

மீன் நூறடிக்கு அப்பால் வெள்ளையாகத் துள்ளி விழுந்தது. நானாக இருந்தால் வெறி வந்து இழுத்து நரம்பை அறுத்திருப்பேன். அவள் ஓடவிட்டாள். அது களைத்தபோது நரம்புச் சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றினாள், திமிறியபோது மறுபடி விட்டாள். பால் பொங்கி வருகிற நேரம் அடுப்பைக் கூட்டிக் குறைக்கிற கை அது. கால்மணி நேரம் அவள் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. பதற்றமெல்லாம் எனக்குத்தான். கைவலையை நீட்டி முதல் தடவை கோட்டைவிட்டேன். நரம்பில் தட்டிக்கூட விட்டேன். இரண்டாம் தடவை மீன் வலைக்குள் வந்தது. படகிலேயே நாடாவால் அளந்தோம். அறுபத்து நான்கு சென்டிமீற்றர். அந்தப் போட்டியில் அதைவிட நீளமான மீனை நான் கண்டதில்லை.

அவள் எழுந்து நின்று, "நான் இருந்து சாப்பிடப் போறன்!" என்று ஏரிக்கே கேட்கும்படி தமிழில் கத்தினாள். தூரத்துப் படகில் இருந்தவர்கள் என்னவென்று தெரியாமல் கையசைத்தார்கள். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

பதினொரு மணிக்குத் திரும்பினோம். இயந்திரத்தைத் தான் ஓட்டுவதாகச் சொல்லி என் இடத்தில் அவள் இருந்தாள். நான் அவளுக்குப் பின்னால், மீனும் கையுமாக. வெயில் ஏறியிருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த அபார யோசனை வந்தது. இந்த மீனை எப்படியும் அவள்தானே வீட்டில் வெட்டப்போகிறாள். இன்றைக்கு ஒருநாளாவது அந்த வேலையை நான் செய்தால் என்ன? கத்தியை எடுத்தேன். செதில் உரித்தேன், தலையை வேறாக்கினேன், வாலை நறுக்கினேன், நடுவைக் குழம்புக்கு வெட்டுகிறமாதிரி மூன்று விரல் அகலத்தில் துண்டு துண்டாகப் போட்டேன். எங்கள் ஆட்களுக்கு மீனைத் துப்புரவாக்குவது என்றால் அதுதான். ஏரித் தண்ணீரில் அலசி ஐஸ் வாளிக்குள் அடுக்கினேன். கையில் இரண்டு இடம் கீறிவிட்டது. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அளவுதான் எடுத்தாயிற்றே.

துறையில் மரவீட்டுக்காரர் நீண்ட அளவுப் பலகையோடு நின்றார். அவள் குதித்து இறங்கி, அறுபத்து நான்கு என்று பிரெஞ்சில் அறிவித்தாள். எட்டுப் பேரும் ஓடிவந்தார்கள். நான் வாளியைத் திறந்தேன்.

சிறிய மீனைப் படகில் அளந்து தண்ணீரில் விட்டுவிட்டால் வாய்ச்சொல் போதும். வைத்துக்கொள்கிற மீனை முழுசாகக் கொண்டுவந்து பலகையில் கிடத்த வேண்டும். இது பழைய சட்டம். ஐந்து வருடமும் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் திருப்பி விடுகிற சின்னஞ்சிறுசுகள் என்பதால், இரண்டாவது பாதி என் தலையில் தங்கவில்லை. வாளிக்குள் இருந்து சால்மன் தலை மட்டும் எங்களைப் பார்த்தது. மரவீட்டுக்காரர் சிரிக்கத் தொடங்கினார். என் மனைவியின் முகத்தைக் கண்டதும் நிறுத்திவிட்டார்.

ஆனாலும் அவர்கள் நல்ல மனிதர்கள். தலை, ஏழு துண்டு, வால் என்று பலகையில் ஒழுங்காக அடுக்கிப் பார்த்தார்கள். ஒருமுறை ஐம்பத்தெட்டு வந்தது, தளர்த்தி அடுக்கியபோது அறுபத்தாறு. எப்படி அளந்தாலும் எங்கள் மீனைவிடப் பெரிதுதான், விட்டுவிடுங்கள், இவர்கள்தான் முதலாவது என்று ஐம்பத்தைந்து கொண்டுவந்தவர்களே சொன்னார்கள். எல்லோரும் சம்மதித்துக் கைதட்டவும் தொடங்கினார்கள். அவள் தலையசைத்தால் போதும், கதிரை அவளுக்கு.

அவள் மாட்டேன் என்றாள். வெட்டிய மீனுக்கு அளவு இல்லை, சட்டப்படி எங்களிடம் மீனே இல்லை, நாங்கள்தான் கடைசி என்று தெளிவான பிரெஞ்சில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கத் தமிழில் சொன்னாள்:

"பாவம் பாத்து இருத்திற கதிரை எனக்கு வேண்டாம்."

தலைமயிரை இழுத்து முடிந்துகொண்டு வாளியைத் தூக்கினாள். வீட்டை நோக்கி நடந்தாள். என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். மேசையில் ஈரத் துவாயைப் போட்டதற்கே வீடு அதிரத் திட்டுகிறவள் அவள். நான் ஓடிப்போய் வாசலில் மறித்தேன்.

"படகு சமைக்கவேணும் எண்டுதான் சட்டம். படகில நானும் இருந்தனான். வாளியைத் தா."

"உங்களுக்குச் சோறு காய்ச்சவே தெரியாது."

"தெரியாதுதான். நீ போய் இரு."

வாளியை அவள் விடவில்லை. நானும் விடவில்லை. இவள் சமைக்க மாட்டாளா என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். மாட்டாள் என்றேன். எட்டு முகமும் ஒன்றாகத் தொங்கிப்போயின. என்றாலும் மரவீட்டுக்காரர் ஒரு கதிரையைத் தூக்கி, ஏரியைப் பார்க்கும்படி, வீட்டுக்கு முதுகு காட்டிப் போட்டார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாளி என் கைக்கு வந்தது.

தூள் இல்லை, புளி இல்லை, தேங்காய்ப்பால் இல்லை. அந்த வீட்டில் இருந்தது வெண்ணெய், உப்பு, மிளகு, வெங்காயம், உருளைக்கிழங்கு. உப்புப் போட்டேனா என்று சந்தேகம் வந்து இரண்டாம் தடவையும் போட்டேன். ஒரு பக்கம் கருகியது. "நெருப்பைக் குறையுங்கோ" என்று வெளியிலிருந்து குரல் வந்தது, மணத்திலேயே பிடித்துவிட்டாள். ஒருமுறை எழுந்தும் விட்டாள். எட்டுப் பேரும் சேர்ந்து அவளை இருத்தினார்கள்.

மூன்று மணிபோல முதல் தட்டை அவளிடம் கொண்டுபோனேன். மடியில் வைத்து, மீனை முள் பார்த்துப் பிட்டு, வாயில் வைத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். தட்டு நீட்டிவிட்டு ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது இவ்வளவு பயமான வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது.

"உப்புக் கூடிப்போச்சு" என்றாள். "கிழங்கு வேகேல்ல."

"தெரியும்."

அவள் மறுபடி சாப்பிட்டாள். எழவில்லை, அவசரப்படவில்லை, யாருக்கு என்ன வேண்டும் என்று திரும்பிப் பார்க்கவும் இல்லை. வேகாத கிழங்கையும் விடவில்லை. தட்டு வெறுமையானதும் ஏரியைப் பார்த்தபடியே அதை என் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்கோ."

எங்கள் வீட்டில் அது என்னுடைய வசனம். இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு நாளும் நான் சொல்லி வந்தது. அவள் வாயால் அன்றுதான் முதல் தடவை கேட்டேன். தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். சட்டியில் இருந்ததில் கருகாத துண்டாகப் பார்த்து எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, கண் சரியாகத் தெரியவில்லை.